பின்சக்கரத்தில் ஒட்டி வந்து ஜெயிப்பது சரியா?

ஞாயிறு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு கேள்வி. சாலைப் பந்தயத்தில் ஒருத்தன் மற்றவர்களின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறான். ஒரு தடவைகூட முன்னால் வரவில்லை. கடைசி 200 மீட்டரில் மட்டும் பாய்ந்து ஜெயித்துவிடுகிறான். விதிப்படி அதில் குற்றம் இல்லை. அப்படியானால் அவன் செய்தது சரிதானா?

முதலில் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, நாம் மிதிக்கும் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. ஒருவரின் பின்னால் நெருங்கி ஓட்டினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். பின்னால் வருகிறவன் சேமிப்பது முன்னால் போகிறவரின் தயவில்தான்.

அதற்காக அவனைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. அவன் இல்லாவிட்டாலும் முன்னால் போகிறவர் அதே காற்றைத்தான் தள்ளியிருப்பார். முதல் பந்தயத்துக்கு வந்த பையன் பின்னாலேயே வந்து கற்றுக்கொள்ளட்டும். மூச்சு வாங்குகிறவன், "அண்ணே, எனக்கு முடியல, நீங்க போங்க" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு தப்பு எங்கே தொடங்குகிறது? நாலு பேர் கூட்டத்திலிருந்து பிரிந்து போகிறார்கள். மாறி மாறி முன்னால் வரலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருத்தன், தெம்பு இருந்தும் களைத்தவன் மாதிரி நடித்துத் தன் முறையைத் தட்டிக்கழித்தால், அங்கேதான் தப்பு தொடங்குகிறது. மற்ற மூன்று பேரும் தங்கள் பலத்தைச் செலவழித்தது அவன் வார்த்தையை நம்பித்தானே?

"லங்காவி சுற்றுப் பந்தயத்தில்கூட இப்படித்தானே ஓட்டுகிறார்கள்?" என்று கேட்கலாம். அங்கே ஓட்டுவது தொழில்முறைக் குழுக்கள். யார் உழைப்பது, யார் சும்மா வருவது என்பதைக் குழு முடிவு செய்கிறது. எதிரணிக்கும் அது தெரியும். நம் பந்தயத்தில் அப்படி இல்லை. இன்று ஏமாந்தவர்களோடுதான் அடுத்த வாரமும் அதே சாலையில் ஓட்ட வேண்டும்.

எல்லாரும் "அடுத்தவன் போகட்டும்" என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2021 ஆகஸ்டில் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் கெய்ரின் இறுதியில் பார்த்தோம். பிரிட்டனின் ஜேசன் கென்னி முன்னால் இருந்தார். பின்னால் இடைவெளி விழுந்ததும் பாய்ந்துவிட்டார். யார் துரத்துவது என்று மற்றவர்கள் தயங்கிய சில நொடிகள் போதுமாக இருந்தன. தங்கம் அவருக்குப் போனது. நம்ம அசிசுல்ஹஸ்னி அவாங் போராடி வெள்ளி வாங்கினார்.

புதியவர்கள் செய்யும் மற்றத் தவறுகளையும் இதே தராசில் நிறுத்துப் பார்க்கலாம். ஆரம்பத்திலேயே வேகமாக மிதிப்பது, தாகம் எடுத்த பிறகே தண்ணீர் குடிப்பது, பந்தய நாளில் புதுச் சப்பாத்து போடுவது: இவற்றால் கஷ்டப்படுவது செய்தவன் மட்டுமே. அடுத்த முறை திருத்திக்கொள்வான்.

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நம் முன்சக்கரத்தை நுழைப்பது, கூட்டத்துக்குள் திடீரென்று பிரேக் பிடிப்பது, வளைவில் தடம் மாறி அடுத்தவர் பாதையில் வெட்டுவது, சாலையில் குழி இருப்பதைப் பார்த்தும் கையைக் காட்டாமல் போவது: இவை வேறு வகை. ஒருத்தன் அவசரப்பட்டால் பின்னால் வரும் ஐந்து பேர் தார்ச்சாலையில் விழுவார்கள். மழை பெய்த காலையில், சாலையின் வெள்ளைக்கோடே வழுக்கும் நேரத்தில், தோள்பட்டை எலும்பு உடைவது யாருக்கு என்று சொல்ல முடியாது. அவர் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவராக இருக்கலாம்.

ஆகவே என் பதில் இதுதான். பின்சக்கரத்தில் வருவது தப்பில்லை, ஆனால் கொடுத்த வார்த்தையை மீறி வருவது தப்பு. அடுத்த பந்தயத்தில் நாலு பேரோடு பிரிந்து போக நேர்ந்தால், முதல் ஐந்து நிமிடத்திலேயே உங்களால் எவ்வளவு முடியும் என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன பிறகு பின்னால் இருந்து பாய்ந்து ஜெயித்தாலும், தோற்றவர்கள் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள்.