எஞ்சின் பூட்டிய சைக்கிளும் எதிரே வருபவரும்

இப்போது எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடுகிறது. சைக்கிள் பிறேமின் முக்கோணத்துக்குள் அடங்கக்கூடிய சிறிய ரூ ஸ்ரோக் எஞ்சின், மேல் பாரில் பூட்டும் தாங்கி, கிளச் கம்பி, ஒரு செயின், பின்சில்லில் பொருத்தும் பற்சில்லு. பற்சில்லைச் சில்லுக் கம்பிகளின் இரு பக்கமும் ரப்பர் வட்டம் வைத்து ஒன்பது ஆணிகளால் இறுக்கவேண்டும். பெற்றோலோடு எண்ணெயை அளந்து கலந்து ஊற்றி, பெடலை நாலு மிதி மிதித்து, கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

ஆனால் ஜேர்மனியில் அதை வீதிக்குக் கொண்டுவந்தால் குற்றம். அதற்கு வாகன அனுமதி வேண்டும், காப்புறுதி வேண்டும், ஓட்டுநர் பத்திரம் வேண்டும். தனியொரு வாகனமாகப் பரிசோதித்து அனுமதி எடுக்க வழி இருக்கிறது என்றாலும், அதற்குப் போகும் காசு சைக்கிளின் விலையைப் பலமுறை தாண்டும்.

இதைச் சொல்லும்போது எம்மவரில் அநேகம் பேர் சிரிக்கிறார்கள். "நாங்கள் அங்க மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓட்டின ஆக்கள் தம்பி, இதுக்கெல்லாம் ஒரு பேப்பரோ?" என்று கேட்கிறார்கள். நாமும் அந்தச் சிரிப்பில் சேர்ந்திருக்கிறோம். ஆனால் அதற்குள் ஒரு நியாயவாதம் ஒளிந்திருக்கிறது. தேவை எங்களுக்கு ஓர் அனுமதியைக் கொடுத்தது, அந்த அனுமதியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம் என்பது அது. அப்படிக் கொண்டுவரக்கூடியதா அது? இதைத்தான் இங்கு யோசிக்க விரும்புகிறோம்.

முதலில் இந்த வண்டியின் பிறப்பைப் பார்க்கலாம். சைக்கிளில் எஞ்சின் பூட்டும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. எனினும் அது ஏழைகளின் வாகனமாகப் பெருகியது இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடுதான். யப்பானில் 1946இல், ஹமமட்சு நகரில், இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்துவந்த சிறு எஞ்சின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. சொய்ச்சிரோ ஹொண்டா அவற்றில் சுமார் 500ஐ வாங்கிச் சைக்கிள்களில் பூட்டி விற்றார். முதல் மாதிரிக்கு எண்ணெய்த் தாங்கியாக இருந்தது, குளிருக்குப் படுக்கையில் வைக்கும் சுடுநீர்ப் போத்தல். பெற்றோல் தட்டுப்பாடு என்பதால் பைன் மரத்திலிருந்து எடுத்த ரேப்பன்ரைன் கலந்து ஓட்டினார்கள். இத்தாலியில் 1944இல் குண்டுவீச்சில் நொறுங்கிய டுக்காட்டித் தொழிற்சாலை போருக்குப் பின் எழுந்து நின்றது 48 சி.சி. எஞ்சின் ஒன்றைச் செய்துதான். குச்சோலோ, அதாவது நாய்க்குட்டி, என்று அதற்குப் பெயர். பிரான்சில் 1946இல் சந்தைக்கு வந்த வெலோசொலெக்ஸ் முன்சில்லின் மேல் எஞ்சினை உட்கார்த்தி, ஓர் உருளையை ரயரில் அழுத்தி உருட்டியது. மழையில் உருளை வழுக்கும். அப்போது எஞ்சினைத் தூக்கிவிட்டு மிதிக்கவேண்டியதுதான்.

வென்ற நாடோ தோற்ற நாடோ, எல்லாம் வறண்டுபோயிருந்த காலம். அன்றைய வீதியில் யாரும் யாரிடமும் பிறேக்கைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் காலம் 1990 ஆனி மாதத்தோடு தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சவர்க்காரம், உரம் என்று தடைப் பட்டியல் நீண்டது. 1995இன் இடம்பெயர்வு வரை ஐந்து வருடம் அப்படியே போயிற்று. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சின் அதில் பற்றாது. ஆகவே சின்னப் போத்தலில் காத்துவைத்த துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பிளக்கில் கரி கட்டும். நடுவழியில் கழற்றி, சுரண்டி, ஊதிப் பூட்டவேண்டும். பின்னால் வருபவரின் கண்ணும் தொண்டையும் எரியும். பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் அதே புகையோடு ஓடின. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட இரவுகளை இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லாத பெற்றோர் குறைவு.

சொல்லும் விதத்தில்தான் நமக்கு ஒரு நெருடல். வருடம் போகப்போக அந்தக் கதைகளில் தடை போட்டவன் மறைந்துபோகிறான். மிஞ்சுவது எங்கள் கெட்டித்தனம் மட்டும். ஏதோ ஓர் அரசாங்கம் எங்களுக்குத் தொழில்நுட்பக் கல்லூரி கட்டித் தந்ததுபோல, "தடை வந்தபடியால்தான் எங்கட மூளை வேலை செய்தது" என்று சபைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். மருந்தில்லாமல் இறந்தவர்களும் அதே தடைக்குள்தான் இருந்தார்கள். மண்ணெண்ணெய்ப் புகையில் இருமிய கிழவரை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்தப் புகைக்கு ஓட்டியவரைவிடத் தடை போட்டவரே பொறுப்பு என்பது எமது கட்சி. ஆனால் கெட்டித்தனம் முழுவதும் எங்களுடையது என்றால், புகையும் எங்களுடையதாகிவிடுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியாது.

சரி, வண்டிக்கு வருவோம். சைக்கிள் மனிதக் காலுக்கென்று அளந்து செய்யப்பட்ட பொருள். சாதாரணமாக மிதிப்பவர் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 100 வாற்ஸ் அளவில்தான். மிகச் சிறிய எஞ்சினும் அதைப்போலப் பல மடங்கு தரும். மணிக்கு 20 கிலோமீற்றரில் ஓடியது 40இல் ஓடினால், பிறேக் விழுங்கவேண்டிய சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அதே றிம், அதே இரண்டு ரப்பர்த் துண்டுகள். மழை பெய்தால் அவையும் பாதிதான். அதைவிட, செயினை இழுத்துப் பிடிக்க வைக்கும் சிறு உருளை தளர்ந்து பின்சில்லுக் கம்பிகளுக்குள் விழுந்தால் சில்லு அந்த இடத்திலேயே இறுகிவிடும். இதை வீட்டில் கட்டுபவர்கள் எல்லோரும் அறிவார்கள், அதனால் நல்லவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, செயினை அளவாக வெட்டிப் போடுகிறார்கள்.

அப்படி ஒவ்வோர் ஆணியையும் அறிந்து ஓட்டுபவரைக் காகிதம் கேட்டு மறிக்கும் சட்டம், பிறேக் தேய்ந்ததா என்று ஒருநாளும் குனிந்து பார்க்காதவரைக் காகிதம் இருப்பதால் போகவிடுகிறது. அது எங்கள் விரல்களை அவமதிக்கிறது என்ற கோபம் நியாயமானதே. நமக்கும் அந்தக் கோபம் உண்டு. தன் கையால் செய்த ஒன்றுக்கு அதிகாரியிடம் கைகட்டி நிற்பது, ஏற்கனவே தன் பெயருக்கும் பிறந்த திகதிக்கும் தான் ஓடிவந்த காரணத்துக்கும் கைகட்டி நின்றவருக்குக் கூடுதலாகவே வலிக்கும்.

ஆனாலும் அந்தச் சின்னத் தகட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இங்கு சிறு மோட்டார் சைக்கிள்களின் பின்னால் இருக்கும் காப்புறுதித் தகடு ஒவ்வொரு மார்ச் 1ஆம் திகதியும் நிறம் மாறும். கறுப்பு, நீலம், பச்சை என்று சுற்றிவரும். ஓட்டுபவருக்கு அதனால் பெரிய பயன் எதுவுமில்லை. அவர் யாரையேனும் இடித்தால் இடிபட்டவரின் கால் எலும்புக்கு இந்த வருடம் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்று அந்த நிறம் சொல்கிறது. முகம் தெரியாத ஒருவருக்காக முன்கூட்டியே கொடுத்த கடன் அது.

வித்தியாசம் இங்கேதான் இருப்பதாக நமக்குப் படுகிறது. தடைக்காலத்து யாழ்ப்பாண வீதியில் எதிரே வந்தவரும் அதே தடைக்குள் இருந்தார். அவரும் கரி பிடித்த பிளக்கோடுதான் வந்தார். அவருடைய பிள்ளைக்கு வருத்தம் என்றால் எங்கள் மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். எங்கள் ஆபத்தில் அவருக்குப் பங்கு இருந்ததுபோல, அவருடைய ஆபத்தில் எங்களுக்கும் பங்கு இருந்தது. யாரும் கையெழுத்து வைக்கவில்லை என்றாலும் ஒரு பொதுக் கணக்கு இருந்தது. ஹமமட்சுவிலும் அப்படித்தான் இருந்திருக்கும். இங்கே பாடசாலை விட்டு வீதியைக் கடக்கும் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. எங்கள் தேவையால் அதற்கு வரவு எதுவும் கிடையாது, செலவு மட்டும் வரலாம்.

"இங்க வந்தபிறகு என்ன தேவை? எல்லாம் விளையாட்டுத்தானே" என்று இதை முடித்துவிட முடிந்தால் வசதியாக இருக்கும். முடியவில்லை. நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். வேலை முடிய இரவு பன்னிரண்டரை. கடைசி பஸ் பன்னிரண்டுக்கு முன்பே போய்விடும். அறைக்குப் பதினான்கு கிலோமீற்றர், அதில் பாதி ஏற்றம். அகதி வழக்கு முடியவில்லை, கையில் ஓட்டுநர் பத்திரம் இல்லை. கெல்லரில் பழைய சைக்கிள் ஒன்றில் எஞ்சின் பூட்டி வைத்திருக்கிறார். வேலை சுத்தமானது, பார்த்தோம். செயின் உருளை இல்லை, முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக் போட்டிருக்கிறார்.

"அண்ணை, அந்த நேரத்தில றோட்டில ஒரு சனமும் இல்லை. ஆருக்கு நட்டம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆளில்லாத வீதியில் எதிரே வருபவர் இல்லையென்றால் நாம் மேலே கட்டிய வாதமெல்லாம் யாருக்கு? ஆனால் ஆளில்லை என்பதை ஒவ்வோர் இரவும் வீதிதான் சொல்கிறது, அவரல்ல. நாயோடு நடக்கும் ஒரு கிழவி, வேலையால் வரும் இன்னொரு அகதி, ஒரே ஒரு நாள் போதும். அதற்குப் பிறகு அவருடைய திறமையைப் பற்றிப் பேச யாரும் இருக்கமாட்டார்கள். காப்புறுதியில்லாமல் ஓட்டியது குற்றவியல் வழக்காகும், அவருடைய வழக்குக் கோப்பு தடிக்கும், இடிபட்டவருக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது. கடைசியாகச் சொன்னதைத்தான் நாம் அழுத்திச் சொன்னோம். கோப்பைப் பற்றிய பயம் அவருக்கு முன்பே தெரியும்; அது நியாயத்தைப் பற்றிய பேச்சும் அல்ல.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தன் உடம்பைத் தான் பணயம் வைப்பதாகத்தான் இன்னும் சொல்கிறார். தன் உடம்புக்குத் தேவை கையெழுத்து வைக்கலாம் என்பதை நாமும் மறுக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு வழி தெரிகிறது. ஐரோப்பியச் சட்டம், மிதிக்கும்போது மட்டும் உதவுகின்ற, 250 வாற்ஸுக்கு மேற்படாத, 25 கிலோமீற்றர் வேகத்தில் உதவியை நிறுத்திவிடும் மின்மோட்டார் கொண்ட சைக்கிளைச் சைக்கிளாகவே ஏற்கிறது. தகடும் பத்திரமும் வேண்டாம். அந்த மோட்டார் காலைக் கேட்டு நடக்கிறது, கால் நின்றால் அதுவும் நிற்கிறது. புதிதாக வாங்க அவருக்குக் கட்டாது. இரண்டு பேர் சேர்ந்து பழையது ஒன்று தேடுகிறோம். பற்றரி செத்தது என்றால் விலை குறையும், திருத்தும் கை அவரிடம் இருக்கிறது. எஞ்சினைக் கழற்றி விற்கச் சொன்னபோது மட்டும் முகம் மாறியது. விற்கவேண்டாம் என்றுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கெல்லரில் அதைக் கழற்றிப் பூட்டுகிறார், மாடியிலிருந்து இரண்டு துருக்கிப் பிள்ளைகள் இறங்கிவந்து சாவி எடுத்துக் கொடுக்கிறார்கள்.