வாக்குத் தவறாமை

மனம், மொழி, மெய் என்னும் மூன்றானும் வினை ஈட்டப்படும் என்பது சைவ நூல்களின் துணிபு. இவற்றுள் மொழியான் வருவதனை உலகினர் எளிதாகக் கருதுவர். ஆயின், ஒருவன் ‘இது தருவேன்’ என்று கூறிப் பிறனிடத்துப் பொருள் பெற்றவழி, அச்சொல் வெறும் ஒலியாய் நில்லாது கடனாகிவிடும். அக்கடனின் அளவு யாது? கூறினவன் தன் உள்ளத்துள் ஒதுக்கி வைத்துக்கொண்ட அளவோ, கேட்டவன் உணருமாறு அவன் செய்த அளவோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

தாம்பரத்தை அடுத்த சேலையூரினின்றும் கிழக்கே மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கடற்கரை நோக்கிச் செல்வார் பனையூரை அடைவர். அவ்வூரில் 2023 ஆம் ஆண்டு செப்டம்பர் 10 ஆம் நாள், இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ என்னும் இசைநிகழ்ச்சி நடைபெற்றது. ஆகஸ்டு 12 இல் நிகழ்வதாயிருந்து, மழையினால் தள்ளிவைக்கப்பட்டது அது. குறித்த நாளில், முன்னரே பணஞ்செலுத்தி நுழைவுச்சீட்டுப் பெற்றோர் பலர் நெரிசலால் உட்புக இயலாது திரும்பினர். தாம்பரம் மாநகரக் காவல்துறையினர் விசாரணை மேற்கொண்டனர். ஏற்பாடு செய்த நிறுவனம் பொறுப்பேற்று வருந்தியது. ரகுமானும் வருத்தந் தெரிவித்து, உட்புகாதார் தம் சீட்டின் படியை அனுப்புமாறு வேண்டினார்.

பணம் மீளலாம், மீளாதது ஒன்றுண்டு. அரிசி வாங்குவோன் ஒரு கடையில் ஏமாற்றப்படின் அடுத்த கடையை நாடுவன். இரசிகனோ, இளமை தொட்டு ஒருவரது இசையைத் தன் இன்ப துன்பங்களோடு பிணைத்துக்கொண்டவன். அவனுக்கு அடுத்த கடை இல்லை. அவன் விலையை ஆராயாது கொடுத்ததும், நெரிசலிற் பொறுத்து நின்றதும் அன்பினாலேயாம். அவ்வன்பினை முதலாகக் கொண்டு வாணிகஞ் செய்வார்க்குக் கடன் பெரிதாகுமேயன்றிச் சிறிதாகாது.

கணினி விளையாட்டுக்களை ஆக்கி விற்பாரிடத்தும் இக்குறை காணப்படுகின்றது. யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2014 இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்னும் காரோட்ட விளையாட்டு, அந்நிறுவனத்தின் கணினிகளோடு இணைந்தாலன்றி இயங்காது. 2024 மார்ச்சு 31 இல் அவ்விணைப்பு நிறுத்தப்பட்டது. வாங்கினார் கையில் குறுந்தகடு இருந்தது, விளையாட்டு இல்லையாயிற்று. வழக்குத் தொடுத்தார்க்கு, விற்றது பயன்படுத்தும் உரிமம் மாத்திரமே, உடைமையன்று என நிறுவனம் விடைகூறிற்று. எழுத்தின்படி அது பொருந்தலாம். வாங்கினார் உணர்ந்த பொருளோ வேறு. கலிபோர்னியா மாநிலத்தில், உரிமம் மாத்திரமே விற்பார் அதனை வெளிப்படக் கூறல்வேண்டும் என்னும் சட்டம் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்ததும் இக்குறை நோக்கியேயாம்.

இங்ஙனம் சொல்லைச் சுருக்குவார்க்கு மறுதலையாக, அதனை விரித்துக் காத்தவர் தில்லைக் குயவராகிய திருநீலகண்ட நாயனார். மனைவியார் இறைவன்மேல் ஆணையிட்டுத் தீண்டலாகாதென விலக்கியவிடத்துத் தம்மைப் பன்மையாற் குறித்தனர். அப்பன்மை பற்றி மாதரார் எவரையும் தீண்டேன் என நாயனார் உறுதிகொண்டு, முதுமை எய்துமளவும் காத்தனர். அதனை ஒருவர்க்கே உரியதாகக் கொண்டு தப்புதற்கு வழக்கு இடந்தந்தும் அவர் அதனை நாடினாரல்லர். சொல்லில் ஐயம் நேர்ந்தவழித் தமக்கு அரிதாகிய பொருளையே கொள்ளுதல் சான்றோர் நெறி என்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், மழையும் மக்கட்டிரளும் யார் வசத்தன? வஞ்சிக்குங் கருத்தின்றி நேர்ந்த பிழைக்கும் குற்றம் உண்டோ எனின், கருத்தின்மை குற்றத்தைக் குறைக்கும், கடனை ஒழிக்காது. தன் ஆற்றலின் அளவறியாது உறுதி கூறுதலே முதற்பிழையாம்.

இழந்த நம்பிக்கை மீளுமோ எனின், மீளும். இங்கிலாந்து நாட்டு ஹலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2016 இல் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்னும் விளையாட்டை வெளியிட்டபோது, முன்னர்ச் சொல்லியவற்றுட் பல அதன்கண் இல்லையெனப் பலர் சினந்தனர். அந்நிறுவனம் வாதம் வளர்க்காது, பல்லாண்டு விடுபட்டவற்றையும் புதியனவற்றையும் விலையின்றிச் சேர்த்து வந்தது. இகழ்ந்தாருட் பலர் பின்னர்ப் பாராட்டினர்.

சொல்லாற் பட்ட கடன் செயலாலேயே தீரும் என்க. ஆகலின் உறுதி கூறுவோர், கேட்பவன் உள்ளத்தில் தம் சொல் எவ்வளவாய் விரிந்து நிற்கும் என்பதை அளந்து, அவ்வளவும் தரும் ஆற்றல் தமக்குண்டோ என்று தேர்ந்த பின்னரே வாய்திறப்பாராக.