புழங்குகிற பொருளுக்கு வயதில்லை

முதுகுளத்தூர்ப் பக்கம் ஓரளவு வசதியான வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால், பித்தளை அண்டாவுக்கும் பழைய தொட்டில் கம்புக்கும் நடுவில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி கிடக்க வாய்ப்புண்டு. பாட வைக்க வழி தெரியாது. தூக்கிப் போடவும் மனசு வராது. பழைய இரும்புக்காரர் வந்து, காந்தத்தையும் செம்புக் கம்பியையும் மனக்கணக்குப் போட்டு ஒரு விலை சொல்வார். அந்த விலையைக் கேட்டதும் நமக்கு எங்கிருந்தோ பாசம் பொங்கும். “இருக்கட்டும்ங்க, அப்பா வாங்குனது” என்று சொல்லி மறுபடியும் பரணிலேயே ஏற்றிவிடுவோம். அடுத்த இரும்புக்காரர் வரும்வரை அப்பா வாங்கியதும் ஞாபகத்துக்கு வராது, பெட்டியும் ஞாபகத்துக்கு வராது.

ஒரு பொருளை வைத்திருப்பதும் அதைக் காப்பதும் ஒன்றுதானா? பழைய ஸ்பீக்கர்களைச் சரிசெய்து கூடத்தில் பாட வைக்கும் கிறுக்கு எனக்குப் பிடித்ததிலிருந்து இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது.

எங்கள் பகுதிக்கு ஒலிபெருக்கி முதலில் ஊருக்காகத்தான் வந்தது. பனைமர உச்சியில் குழாயைக் கட்டி, முளைப்பாரிக்கும் காதுகுத்துக்கும் தேர்தலுக்கும் ஒரே குழாய்தான் பாடியது, பேசியது. பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோவில் சாயங்காலச் செய்தி கேட்க ஆட்கள் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். டிரான்சிஸ்டர் வந்தபிறகு இலங்கை வானொலி வீட்டுக்குள் நுழைந்தது. நேர்கோட்டில் அளந்தால் முதுகுளத்தூரிலிருந்து கொழும்பு சுமார் 300 கிலோமீட்டர். சென்னை 450ஐத் தாண்டும். மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் எங்களுக்கு அயல்நாட்டு அறிவிப்பாளர்களாகத் தோன்றாததில் ஆச்சரியமில்லை.

1980களில் வளைகுடாவுக்குப் போனவர்கள் ஊர் திரும்பும்போது டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் வசதி கூடியவர்கள் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெட்டிகளும் கொண்டுவந்தார்கள். என் பெரியப்பா தம்மாமிலிருந்து கொண்டுவந்தது அப்படி ஒரு செட். பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கி வந்து கேட்ட காலம். பிறகு சிடி வந்தது, டிவி வந்தது, செல்போன் வந்தது. பெட்டி பரணுக்குப் போனது.

பரணில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்பது நம் நம்பிக்கை. ஸ்பீக்கருக்கு அது பொருந்தாது. 1925இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வகுத்துக் கொடுத்த அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களில் இருக்கிறது. காந்தத்தின் நடுவில் மெல்லிய கம்பிச் சுருள், அதாவது காயில். அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. கூம்பு முன்னும் பின்னும் அசைய வசதியாகச் சுற்றிலும் ஒரு நெகிழ்வான விளிம்பு. மெக்கானிக்குகள் இதை எட்ஜ் என்பார்கள். 1954இல் எட்கர் வில்ச்சர் என்பவர், இறுக மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்து ஆழ்ந்த பேஸ் எடுக்கலாம் என்று காட்டினார். அந்த முறைக்குக் கூம்பு வெகு தளர்வாக அசைய வேண்டும். பின்னாளில் பாலியூரித்தேன் ஃபோம் அதற்குத் தோதாக வந்து சேர்ந்தது. மென்மையானது, மலிவானது, அருமையாக வேலை செய்வது. ஆயுள்தான் பதினைந்து இருபது வருடம்.

ஃபோம் எட்ஜைப் பாட்டு கெடுப்பதில்லை; காற்றில் உள்ள ஈரமும் வெயில் காலத்துச் சூடும் கெடுக்கின்றன. ஐப்பசி மழை ஈரம், சித்திரை வெக்கை, தெற்கே கடலிலிருந்து வருகிற உப்புக் காற்று எல்லாம் உள்ள எங்கள் ஊரில் அது இன்னும் சுருக்காக நடக்கிறது. பாடினாலும் பாடாவிட்டாலும் எட்ஜ் உதிரும். கண்ணுக்குத் தெரியாமல், ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரும் காய்ந்துபோகிறது. காந்தம், இரும்புச் சட்டம், மரப் பெட்டி ஆகியவை அப்படியே இருக்கும். வளைந்து கொடுக்கிற பாகம்தான் முதலில் போகிறது. பேஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டியாக இருந்தால் முன்புற ஓட்டைக்குள் குளவி கூடு கட்டியிருக்கும். பின்பலகையில் பல்லி முட்டை இருக்கும். சும்மா வைத்திருந்த பொருளைக் காத்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பெரியப்பாவின் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்த உண்மை அதுதான். பத்து அங்குல வூஃபரின் எட்ஜைத் தொட்டதும் கருப்புப் பிசினும் தூளுமாக விரலில் ஒட்டியது. ஊரில் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கடை முழுக்க காயில் எரிந்த ஹாரன் யூனிட்டுகள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். எட்டு ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் ஆறரையைக் காட்டியது. “காயில் உசுரோட இருக்கு தம்பி” என்றார். எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஏழுதான் காட்டும். அதுதான் சரியான அளவு.

“புது ஸ்பீக்கரே வாங்கிப் போட்டுரலாமா?” என்று கேட்டேன்.

“எட்ஜ் போச்சுன்னா எட்ஜப் போடுங்க. அதுக்கு எதுக்கு நல்ல காந்தத்தயும் சேத்துக் கடாசணும்?”

புது எட்ஜ் சென்னை ரிச்சி தெருவிலிருந்து தருவித்தது. பழைய பிசினை அவர் ஐஸ்கிரீம் குச்சியால் கூம்பு கிழியாமல் சுரண்டினார். நடுவில் இருந்த மூடியை பிளேடால் வட்டமாக அறுத்து எடுத்தார். காயிலுக்கும் காந்தத்தின் நடுத்தண்டுக்கும் இடையிலான மயிரிழைச் சந்தில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கத்தரித்த துண்டுகளை நாலு பக்கமும் செருகினார். காயில் நட்ட நடுவில் நிற்பதற்கு அதுதான் உபாயம். பசை தடவி எட்ஜை ஒட்டிக் கவிழ்த்து வைத்தவர் மறுநாள்வரை தொடவே விடவில்லை. ஃபிலிமை உருவியபின் இரண்டு கைப் பெருவிரல்களாலும் கூம்பை லேசாக அமுக்கி, காதைப் பக்கத்தில் வைத்தார். காயில் உரசினால் மணல் தேய்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். வரவில்லை. நடுமூடியைத் திரும்ப ஒட்டினார்.

அடுத்து ஒரு பேனாக் கட்டை பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டார். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனை பிளஸ். இரண்டு பெட்டியிலும் இது ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் மாறியிருந்தால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும்; இரண்டும் நல்ல ஸ்பீக்கராகவே இருந்தும் பேஸ் காணாமல் போகும். இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் தீருகிற இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காமல், “செட்டு சரியில்லை” என்று விற்றவர்கள் எத்தனையோ பேர் என்றார். காய்ந்த கெப்பாசிட்டரையும் மாற்றினார். கடைசியில் சோதித்துப் பார்க்கப் பாட்டுப் போடவில்லை. வானொலிச் செய்தியைப் போட்டார். “பாட்டு எந்த ஓட்டை ஸ்பீக்கர்லயும் ஓரளவு பாடிரும் தம்பி. மனுசன் பேச்சு மனுசன் பேச்சாக் கேக்குதான்னு பாருங்க” என்றார். சத்தத்தை அளக்க அதைவிட நல்ல கருவி நான் அறிந்ததில்லை.

எட்ஜ் புதிது, கெப்பாசிட்டர் புதிது, ஒயர் புதிது. இது இன்னும் பெரியப்பாவின் பெட்டிதானா என்று உறவில் ஒரு பையன் கேட்டான். பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு இது பெரிய கவலை. ஓர் ஆணி மாறினாலும் விலை இறங்கும் என்பார்கள். அவர்கள் கணக்கில் பாடாத அசல், பாடுகிற பழுதுபார்த்ததைவிட உயர்ந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. நான் கண்மாய் ஊர்க்காரன். ராமநாதபுரம் மாவட்டத்தில் நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் இருக்கிறது. அதன் கரைமண் எத்தனையோ தடவை மாறியிருக்கும். மடைகளைத் திரும்பத் திரும்பக் கட்டியிருப்பார்கள். தூர் எடுத்த மண் வயலுக்குப் போயிருக்கும். அந்தக் கண்மாய் அசலா என்று எந்தச் சம்சாரியும் கேட்பதில்லை. தண்ணீர் நிற்கிறதா, மடை திறந்தால் பாய்கிறதா என்றுதான் கேட்பான். குடிமராமத்து என்று ஊரே கூடிச் செய்த வேலை அது. 1858இல் ஆங்கிலேய அரசு அதற்குச் சட்டம் போட்டது. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. ஆண்டுதோறும் மராமத்து நடந்தால்தான் அது கண்மாய். மராமத்து நின்றால் பத்து வருடத்தில் கருவேலங்காடு.

வீட்டில் நாம் காக்க நினைக்கிற பலவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது. தாத்தா காலத்துப் பழக்கம், குடும்பத்துக்கென்று ஒரு சமையல், அண்ணன் தம்பி உறவு எதுவானாலும், தேய்கிற பாகத்தைக் காலத்துக்குக் காலம் மாற்றிக்கொடுத்தால் நிற்கும். ஒன்றையுமே மாற்றக் கூடாது என்று பரணில் ஏற்றிவைத்தால், இறக்கும்போது தூளாகத்தான் கையில் வரும். எதை மாற்றலாம், எதில் கைவைக்கக் கூடாது என்பதில் மட்டும் விவரம் வேண்டும். எட்ஜை மாற்றலாம். நன்றாக இருக்கிற காகிதக் கூம்பை, புது மோஸ்தருக்காகப் பிளாஸ்டிக்காக மாற்றினால் பெட்டியின் குரலே மாறிவிடும்.

சரிசெய்தால் பழைய காலம் திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டி பாடத் தொடங்கியதும் பெரியப்பாவைக் கூடத்தில் உட்காரவைத்து காருகுறிச்சியாரின் நாகசுரத்தைப் போட்டேன். தலையை ஆட்டிக் கேட்டவர், “நல்லாத்தான்டா இருக்கு. ஆனா அப்ப இன்னும் கணீர்னு இருந்துச்சே” என்றார். பெட்டியில் குறையில்லை. வயதாகும்போது மனிதக் காது முதலில் இழப்பது உச்ச ஸ்தாயி ஒலிகளைத்தான். அதோடு, தம்மாமிலிருந்து விடுப்பில் வந்திருந்த வாலிபன் கேட்ட பாட்டு அது; அந்த வாலிபனை எந்த மெக்கானிக்கும் ஒட்டித் தர முடியாது. பெட்டிக்கு உண்மையில் எவ்வளவு சத்தம் இருந்ததோ அதைத்தான் ரிப்பேர் திருப்பித் தரும். அதற்கு மேல் கேட்பது ரிப்பேரின் வேலையல்ல. பெரியப்பா குறை சொன்னாரே தவிர எழுந்து போகவில்லை. அடுத்து என்ன இருக்கிறது என்று கேட்டார்.

கூடத்துக்கு எவ்வளவு சத்தம் போதும் என்பதையும் இந்தப் பெட்டிகள் கற்றுத் தருகின்றன. கடை அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கான வாட் பிஎம்பிஓ (உச்சத் திறன் கணக்கு) என்று போட்டு விற்ற காலம் உண்டு. நல்ல பழைய ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 90 டெசிபல் சத்தம் வரும். அதுவே ஜாஸ்தி. நாலு பேர் உட்கார்ந்து கேட்க அந்த ஒரு வாட்டில் கால்வாசி கூட வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்கிறது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி; இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறுவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது என்கிறது. விடிகாலையிலேயே குழாய் கட்டிப் பழகிய நமக்கு இது கசப்பு மருந்துதான். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்று கட்டிய இன்றைய கூடத்தில் சத்தம் முட்டி மோதி எதிரொலிக்கும். ஒரு ஜமுக்காளத்தை விரித்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து கொஞ்சம் முன்னே இழுத்து, உச்ச ஒலி தரும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கும்படி வைத்தால் வால்யூமைக் கூட்டத் தோன்றாது. குறைந்த சத்தத்தில் வார்த்தை புரிகிற வீட்டில் ஆட்களும் கத்திப் பேச வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பலகையைக் கரையான் அரித்துவிட்டதா, காயில் எரிந்து ஜோடிக்கு ஜோடி கிடைக்காத ரகமா, விட்டுவிடலாம். அதில் பாவம் ஒன்றுமில்லை. சரிசெய்யும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: சாயங்காலம் இதன் முன்னால் உட்கார்ந்து கேட்க வீட்டில் ஆள் இருக்கிறதா? இருந்தால் செலவு செய்யுங்கள். எட்ஜும் கெப்பாசிட்டரும் கூலியும் சேர்ந்தாலும் நல்ல புது ஸ்பீக்கர் விலைக்கு எட்டாது. ஆள் இல்லையென்றால் கேட்கிற ஆள் உள்ள வீட்டுக்கு இனாமாகவே கொடுத்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். இறக்கிய பெட்டியை என்ன செய்வது என்று அன்றைக்கே முடிவெடுங்கள். மறுபடி பரணில் மட்டும் ஏற்றாதீர்கள்.