குறை எங்கே இருக்கிறது?

ஸ்கேன் மையங்களில் ஒரு பலகை மாட்டியிருக்கும்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். அதைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று நாமும் கையெழுத்திட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஏற்பாடு இது. பெண் கரு கலைக்கப்படுவதை எதிர்த்துப் போராடியபோது பெண்ணியம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: பாரம் பெண் குழந்தையிடம் இல்லை, வரதட்சணை கேட்கும் சமூகத்திடம் இருக்கிறது.

அந்தப் பலகைக்குப் பின்னால் அதே கருவி வேறொன்றையும் தேடுகிறது. 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் பிடரியில் உள்ள நீரின் அளவு; 18 முதல் 20 வாரத்தில் மூளை, முதுகுத்தண்டு, இதயம். இதில் நன்மை உண்டு. இதயக் கோளாறு முன்பே தெரிந்தால், குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள இடத்தில் பிரசவத்தைத் திட்டமிடலாம். மண்டையோடு உருவாகாத கரு பிழைக்காது என்பதைச் சீக்கிரம் அறிவது ஒரு பெண்ணைப் பல மாத வேதனையிலிருந்து காக்கும்.

எல்லா முடிவுகளும் இத்தனை தெளிவாக இருப்பதில்லை. டவுன் நோய்க்குறிக்கு '250இல் 1' என்று அறிக்கை வருகிறது. இதே கணக்கு வந்த 250 பேரில் 249 பேரின் குழந்தைக்கு அது இருக்காது என்பதுதான் பொருள். உறுதிசெய்யப் பனிக்குட நீர்ப் பரிசோதனை போன்றவை வேண்டும். அதற்குள் வீட்டில் கேள்வி எழுந்துவிடுகிறது: "உங்கம்மா வழியில யாருக்காச்சும் இப்படி இருக்கா?" மருத்துவர் சொல்கிறார்: "முடிவு உங்கள் கையில்." வேலையை விடப்போவது யார், சேர்க்க மறுக்கும் பள்ளிகளின் வாசலில் நிற்கப்போவது யார் என்பது அவளுக்குத் தெரியும்.

1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. பாலினம் அறியும் சோதனைக்குப் பெண் உட்பட்டிருந்தால், கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும். அங்கே சட்டத்தின் கண்ணுக்குக் கட்டாயம் தெரிகிறது. ஊனமுள்ள கரு என்றதும் அதே வீடு, அதே உறவினர்கள், அதே பணக்கவலை. ஆனால் அதன் பெயர் 'தேர்வு'.

2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் கலைப்புக்கு வார வரம்பு கிடையாது. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர், முந்தைய பிரசவத்துக்குப் பின் வந்த மனநோயால் மூன்றாவதைத் தாங்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்திடம் முறையிட்டார். 26 வாரத்தைத் தாண்டிய கரு. குறை எதுவும் இல்லை. அனுமதி மறுக்கப்பட்டது. கருவில் குறை இருந்திருந்தால் வாரக் கணக்கு தடையாக இருந்திராது.

ஊனமுற்ற பெண் இந்தச் சட்டத்தைப் படித்தால், தன்னைப் போன்றவள் பிறக்காமல் தடுக்க எல்லையே இல்லை என்று புரிந்துகொள்வாள். மனம் சிதைந்த பெண் படித்தால், தன் வேதனை போதுமான காரணம் இல்லை என்று புரிந்துகொள்வாள். ஒரே சட்டம் இருவரையும் சிறுமைப்படுத்துகிறது. கருவின் தரத்தை அளந்து உரிமையைத் தருவதன் விளைவு இது. உரிமை பெண்ணிடமிருந்து தொடங்க வேண்டும்.

அதற்காக, கலைத்தவளை நாம் விசாரிக்கக் கூடாது. பெற்றவளைத் தியாகி என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடவும் கூடாது. பெற்றால் உடன் நிற்போம், கலைத்தால் குற்றம் சொல்ல மாட்டோம் என்று அவளிடம் நேராகச் சொல்ல முடிகிற நாளில்தான் அதைத் தேர்வு என்று அழைக்கலாம்.