இருத்தலும் இரங்கலும்

நிலத்தையும் மனித உணர்வையும் இணைத்துத் திணை வகுத்த நம் பழைய இலக்கணகாரர், முல்லைக்கு 'இருத்தல்' என்பதையும் நெய்தலுக்கு 'இரங்கல்' என்பதையும் உரிப்பொருளாக வைத்தனர். இரண்டும் காத்திருப்பவளின் நிலைகளே. கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிச் சென்றவனின் சொல்லை நம்பி ஆற்றியிருப்பவள் முல்லைத் தலைவி. கடலையும் கானலையும் நோக்கிக் கலங்கி நிற்பவள் நெய்தல் தலைவி. முன்னவளுக்குப் பற்றிக்கொள்ள ஒரு சொல் இருக்கிறது. பின்னவளுக்கு அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. அன்பின் ஆழத்தில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. எதிர்காலத்தின் மீது அவர்களுக்குள்ள பிடியிலேதான் வேற்றுமை.

இலக்கணகாரர் பேசியது காதலைப் பற்றி. எனினும் அவர்கள் வகுத்த இந்த வேற்றுமை, கடலை நம்பி வாழும் மக்களின் பொருளியல் வாழ்வுக்கும் பொருந்துவதைக் காண்கிறோம். காத்திருப்பு எப்போது பொறுமையாகிறது? எப்போது துயரமாகிறது? இதனைத் தீர்மானிப்பது காத்திருப்பவரின் மனத்திண்மையா, அவரைச் சூழ்ந்துள்ள சமுதாய அமைப்பா? இக்கேள்வியை எழுப்புவதற்கு வாடைக்காலத்தை விடப் பொருத்தமான காலம் இல்லை.

வடமராட்சி கிழக்கிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை வரை நீளும் கிழக்குக் கரையில், ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கியதும் கடல் மாறிவிடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று அலையைக் கரைமேல் எறிகிறது. சிறு வள்ளங்கள் மேட்டில் ஏற்றப்படுகின்றன. கரைவலைப் பாடுகள் வெறிச்சோடுகின்றன. மாசி கழிந்து பங்குனி பிறக்கும்போதே கடல் அடங்குகிறது. அதன்பின் சோளகக் காற்று வீசும் மாதங்களெல்லாம் அக்கரைக்கு உழைப்புக் காலம். மேற்குக் கரையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கே கடல் அடங்கும்போது அங்கே கொந்தளிக்கத் தொடங்குகிறது. ஆகவேதான் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் மீனவர் நெடுங்காலமாகப் பருவந்தோறும் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்தனர். ஒரே தீவில் ஒரு கரையின் மூடுகாலம் மறுகரையின் திறப்புக்காலமாக இருப்பது இயற்கையின் விந்தை.

மூடுகாலத்தில் மீனவன் சும்மா இருக்கிறான் என்று கரையை அறியாதவர்கள் எண்ணுவதுண்டு. உண்மை வேறு. கிழிந்த வலையைப் பொத்துதல், புதிய வலைக்கு மிதப்பும் ஈயமும் கோத்தல், வள்ளத்தின் வெடிப்பை அடைத்தல், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுதல் ஆகியவையெல்லாம் இக்காலத்து வேலைகள். சிலர் களப்பில் இறால் பிடிக்கப் போவர். சிலர் கூலி தேடி ஊருக்குள் போவர். பெண்களோ முன்பு உணக்கி வைத்த கருவாட்டை விற்றும், சீட்டுப் பிடித்தும், கையிலுள்ள காப்பை அடகுக்கடையில் வைத்தும் அடுப்பு அணையாமல் காக்கின்றனர். பங்குனியில் நாம் வாங்கும் மீனின் விலையில் அன்றைய விடியற்காலை உழைப்பு மட்டும் அடங்கியிருக்கவில்லை. அதற்கு முந்திய நாலு மாதத்து உழைப்பும் அடங்கியிருக்கிறது. ஆனால் கடலில் கழிந்த நேரத்தைக் கணக்கில் எடுக்கும் சந்தை, கரையில் கழிந்த காலத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு பாகுபாட்டைச் செய்துகொள்வது அவசியமாகிறது. இயற்கை விதிக்கும் காத்திருப்பு வேறு. மனிதர் விதிக்கும் காத்திருப்பு வேறு. வாடைக்கு முடிவு உண்டு. பாட்டனும் அதை அறிவான், பேரனும் அதை அறிவான். கடலின் சீற்றம் எல்லா நாளும் இதே ஒழுங்கில் வருவதில்லை என்பதும் மெய்யே. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி, மூடுகாலத்தின் நடுவிலேதான், ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிச் சென்றது. அத்தகைய அழிவைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆனால் மயிலிட்டி மக்களின் காத்திருப்பை எந்தக் காற்று விதித்தது? வடக்கின் பேர்பெற்ற மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிய அவ்வூரை விட்டு 1990 இல் அவர்கள் போரினால் வெளியேறினர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. துறைமுகம் மீண்டும் அவர்களிடம் வந்தது 2017 யூலையிலே. போர் முடிந்த 2009 இன் பின்னும் எட்டு ஆண்டுகள் அவர்கள் கடலை அயல் முகாம்களிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தனர். இருபத்தேழு வாடைகள் கழிந்தன. இருபத்தேழு பங்குனிகள் வந்துபோயின. தொழிலறிந்த ஒரு தலைமுறை முதுமை எய்தியது. இதனை 'கடல் விட்ட வழி' என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. மனிதர் விதித்ததை இயற்கையின் கணக்கில் எழுதுவதே விதிவாதத்தின் பழைய தந்திரம்.

போர் வெளிப்படையாகச் செய்ததைக் கடன் ஓசையின்றிச் செய்கிறது. மழை மாதங்களில் அரிசிக்கும், பிள்ளையின் கொப்பிக்கும், புதிய வலைக்கும் பணம் தேவை. வங்கி பிணை கேட்கிறது. சம்மாட்டியோ, மீன் வாங்கும் முதலாளியோ பிணை கேட்பதில்லை, பங்குனியைக் கேட்கிறார். முற்பணம் வாங்கியவர் தம் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும். அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். இன்னும் பிறவாத மீன் முன்னரே விற்கப்பட்டுவிடுகிறது. தனிப்பட்ட முறையில் அம்முதலாளி நல்லவராக இருக்கலாம். அவசரத்துக்கு உதவியவர் என்று ஊரார் அவரை வாழ்த்தவும் கூடும். நமது கேள்வி அவருடைய குணத்தைப் பற்றியதன்று. வட்டி என்பது காலத்துக்கு வாங்கப்படும் விலை. வாடையின் காலத்தைப் பசியோடு கடப்பவன் மீனவன். அக்காலத்துக்கு விலை வாங்குபவனோ வேறொருவன். இந்தத் தலைகீழான நியாயத்தையே நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. இதன் முழு வடிவத்தை, நம் வாடையை விடக் கொடிய பனிக்காலமுள்ள வட அத்திலாந்திக் கரையொன்றிலே காணலாம். இன்று கனடாவின் பகுதியாயுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவில், கடல் உறையும் மாதங்களைக் கடந்து வசந்தத்தை எதிர்பார்த்திருந்த மீனவருக்கு வணிகர்கள் உணவையும் வலையையும் கடனாகக் கொடுத்தனர். உப்பிட்டு உலர்த்திய கொட் மீனை இலையுதிர் காலத்தில் எடுத்துக்கொண்டனர். கொடுத்த பொருளின் விலையையும் வாங்கிய மீனின் விலையையும் வணிகரே எழுதினர். காசைக் கண்ணால் காணாமலே வாழ்ந்து முடித்த குடும்பங்கள் பல. 1908 இல் வில்லியம் கோக்கர் என்பவர் அங்கே மீனவர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அவரவர்க்கு உரியது அவரவர்க்கே என்பது அச்சங்கத்தின் முழக்கம். சங்கம் வெறும் முழக்கத்தோடு நிற்கவில்லை. தானே கடை வைத்தது, தானே மீன் வாங்கியது. பனிக்காலத்துப் பசியை வணிகனின் கையிலிருந்து விடுவித்தாலன்றி வசந்தத்து மீன் உழைப்பவனுக்குச் சொந்தமாகாது என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தனர்.

அதே கரை நமக்கு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. கோடையில் கரையை நாடி வரும் கொட் மீனுக்காகச் சிறு படகுக்காரர் காத்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரிய ஆலைக் கப்பல்கள் வந்தன. அவை காத்திருக்கவில்லை. பனிக்காலத்திலேயே ஆழ்கடல் மேடைகளுக்குச் சென்று, இனம்பெருக்கத் திரண்டு நின்ற மீன் கூட்டங்களை இழுவை வலையால் அள்ளின. 1968 இல் மட்டும் அவ்வின மீன் எட்டு இலட்சம் தொன்னுக்கு மேல் பிடிக்கப்பட்டது. பின்னர் பிறநாட்டுக் கப்பல்கள் விலக்கப்பட்டன. ஆனால் உள்நாட்டுக் கம்பனிகளின் கப்பல்கள் அந்த வேலையைத் தொடர்ந்தன. கரையோர மீனவர் தம் வலையில் மீன் சிறுத்து வருவதைச் சுட்டிக்காட்டினர்; அதிகாரத்தின் செவியில் அது ஏறவில்லை. 1992 யூலை 2 ஆந் திகதி கனடிய அரசு அம்மீன்பிடியைத் தடைசெய்தது. ஏறத்தாழ 30,000 பேர் தொழில் இழந்தனர். வணிக மீன்பிடித் தடையை அரசு நீக்கியது 2024 இலேதான். அதுவும் சிறிய அளவுக்கே. காத்திருந்தவர்களின் பொறுமையைக் காத்திருக்க மறுத்தவர்கள் தின்றுவிட்டனர். பின்பு இருசாராரும் சேர்ந்தே பட்டினி கிடந்தனர்.

பாக்கு நீரிணையில் நடப்பது இதற்கு அயலானதன்று. இலங்கை அரசு 2017 இல் அடிமட்ட இழுவை மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் தமிழகக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் எல்லை கடந்து, கடலடியைச் சுரண்டி, வடபகுதிச் சிறு மீனவரின் வலைகளையும் அறுத்துச் செல்கின்றன. அங்கே ஏப்பிரல் 15 முதல் யூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன் இனம் பெருகுவதற்கு ஓய்வு வேண்டும் என்ற கொள்கையை இரு கரைகளும் ஏற்றிருக்கின்றன என்பதையே இது காட்டுகிறது. ஓய்வு கொடுத்த கடலை எஞ்சிய நாள்களில் அடியோடு வழித்தெடுத்தால் அந்தக் கொள்கைக்குப் பொருள் என்ன? அப்படகுகளில் கூலிக்கு வரும் தொழிலாளியும் ஏழையே, சிறைப்படுபவனும் அவனே, படகின் சொந்தக்காரன் பெரும்பாலும் கரையிலேயே இருக்கிறான். ஆகவே இதனைத் தமிழனுக்கும் தமிழனுக்குமிடையேயான பூசலாகவோ, இரு நாடுகளின் பகையாகவோ காட்டுவது உண்மையை மறைப்பதாகும். கடலின் நாளைய பயனுக்காக இன்று பொறுத்திருக்கும் தொழில்முறைக்கும், நாளையையே இன்று விற்றுவிடும் மூலதனத்துக்கும் இடையேயுள்ள முரண்பாடு இது.

இவ்வளவையும் கேட்டபின்பும் ஒருவர் நம்மை மறித்துக் கேட்கலாம்: 'வேலை செய்யாத மாதங்களுக்கும் ஊதியம் கேட்கிறீர்களா? சோம்பலுக்குச் சம்பளமா?' இக்கேள்வியை எளிதில் தள்ளிவிடலாகாது. தானம் மனிதனைத் தாழ்த்தும் என்பதை நாமும் ஏற்கிறோம். கார்த்திகை மழையில் அரிசிப் பொதி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வோரிடம் மீனவன் கை நீட்டி நிற்பதை நாம் விரும்பவில்லை. ஆனால் உரிமை வேறு, தானம் வேறு. மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை நாளுக்கும் ஊதியம் உண்டு. அதனை எவரும் பிச்சை என்று சொல்வதில்லை. ஓய்வின்றி உழைப்பு இல்லை என்பதை அங்கே சமுதாயம் ஏற்றுக்கொண்டுவிட்டது. கடல் ஓய்ந்திருக்கும் காலத்துக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் மறுக்கப்படுகிறது?

இதனை நடைமுறையில் காட்டிய நாடுகளும் உண்டு. மீன் இனம்பெருக்கும் தடைக்காலத்தில் சிறு மீனவருக்கு மாதந்தோறும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஈடான தொகையைப் பிரேசில் அரசு வேலையிழப்புக் காப்புறுதியாகக் கொடுக்கிறது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உரிமையாக உறுதிப்படுத்தியது. தமிழகத்தில் மீனவர் செலுத்தும் சிறு தொகையோடு அரசுகளும் பணம் சேர்த்து, வருவாய் குன்றிய மாதங்களில் திருப்பிக் கொடுக்கும் திட்டம் உண்டு. இவற்றில் குறைகள் இருக்கலாம். ஆனால் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு, அதனைக் காத்திருப்பவரிடமே சேர்க்க வேண்டும் என்ற கொள்கை இவற்றால் நிலைநாட்டப்பட்டிருக்கிறது.

நமது நாட்டில் இக்கொள்கைக்கு இன்னும் வலுவான காரணம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு வேண்டிய மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ஓகஸ்து மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வாடை ஓய்ந்திருந்தது; கடல் அழைத்தது; படகு கரையிலேயே கிடந்தது. கடலே திறந்திருந்தும் கரை மூடப்பட்ட காலம் அது. பருவத்தை அறிந்தவன் கூட விலைப்பட்டியலை முன்னறிய இயலாது.

ஆகவே நாம் கேட்பது இரக்கத்தை அன்று. மூடுகாலத்துக்கு நியாயமான வட்டியில் கடன் கொடுக்கும் உயிருள்ள கூட்டுறவுச் சங்கங்கள் வேண்டும். அவை கட்சிக்காரரின் கையில் சிக்காது மீனவர் கையில் இருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில், கருவாடு உணக்கும் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். மீனைச் சேமித்து வைக்கும் பனிக்கட்டி நிலையங்கள் கரைக்கருகிலேயே வேண்டும். அழுகும் பொருளை வைத்திருப்பவன் பேரம் பேச இயலாது. இழுவைத் தடைச் சட்டம் காகிதத்திலிருந்து கடலுக்கு இறங்க வேண்டும். தடையை ஏற்றுப் பொறுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் எந்தக் கரையினராயினும், பொறுத்திருக்கும் காலத்துக்கு ஊதியம் வேண்டும்.

பொறுமை நற்பண்பு என்று நீதிநூல்கள் நமக்குக் கற்பித்தன. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் எதிர்பார்க்கும் பொருள் தனக்கே வந்து சேரும் என்ற உறுதி உள்ளவனிடமே பொறுமையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அவ்வுறுதி இல்லாதவனிடம் பொறுமையைப் போதிப்பது, கொள்ளையிடுபவனுக்குக் காவல் நிற்பதாகும். வாடை எப்படியும் ஓயும். அதற்கு நம் உதவி தேவையில்லை. கடல் அடங்கும் அன்று அங்கே பாயும் மீன் யாருடைய மீன் என்பதை மட்டும் காற்று தீர்மானிப்பதில்லை, நாமே தீர்மானிக்கிறோம். நெய்தலின் இரங்கலை இருத்தலாக மாற்றும் பொறுப்பு, அந்த மீனை உண்ணும் நம் எல்லோருக்கும் உரியது.