கணக்கு வைக்காத தகப்பன்

கடவுளைத் தந்தை என்று அழைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் மனத்தில் முதலில் எழுவது சொந்தத் தகப்பனின் முகம். அன்பான தகப்பன் வாய்த்தவருக்கு அது ஆறுதல். அடிக்குப் பயந்து வளர்ந்தவருக்கும் பாதியில் கைவிடப்பட்டவருக்கும் அந்தச் சொல்லே காயம். பெற்றோரின் அன்பைப் பலமடங்கு பெருக்கினால் கடவுளின் அன்பு கிடைக்கும் என்று போதித்தால், இவர்கள் எதைப் பெருக்குவது?

வேதாகமம் இந்தச் சிக்கலை அறிந்தே பேசுகிறது. மலைப்பிரசங்கத்தில் இயேசு பெற்றோரின் அன்பை ஏணியாக வைக்கிறார்: குறையுள்ள மனிதர்களே அப்பம் கேட்கும் பிள்ளைக்குக் கல்லைக் கொடுப்பதில்லை என்றால், பரமபிதா எவ்வளவு அதிகம் கொடுப்பார்! ஆனால் ஏசாயா 49ஆம் அதிகாரம் அந்த ஏணியையே நம்பியிருக்கவில்லை. பால்குடிப் பிள்ளையைத் தாய் மறப்பாளா என்று கேட்டுவிட்டு, அவள் மறந்தாலும் கடவுள் மறப்பதில்லை என்கிறது. இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் கருப்பையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ‘பெற்ற வயிறு’ என்று நாம் சொல்வதன் கனம் அந்த மொழிக்கும் தெரியும். தெரிந்தும், பெற்ற வயிற்றை அது இறுதி ஆதாரமாக வைக்கவில்லை.

வித்தியாசம் அன்பின் அளவில் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். சி.எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட ‘நான்கு அன்புகள்’ நூலில், தேவையால் எழும் அன்பையும் கொடையாக வரும் அன்பையும் பிரித்துப் பார்க்கிறார். பெற்றோரின் அன்பு கொடைதான். ஆனால் அந்தக் கொடைக்கே ஒரு பசி உண்டு: தான் தேவைப்பட வேண்டும் என்ற பசி. புலம்பெயர்ந்த வீடுகளில் அதற்கு ஒரு வாசகமும் இருக்கிறது: “உங்களுக்காகத்தானே இந்தக் குளிருக்குள்ள வந்து கஷ்டப்படுறம்.” அதில் பொய் இல்லை. இரவு வேலையும் வட்டிக்கு வாங்கிய காசும் உண்மை. ஆனால் பிள்ளையின் காதில் அது கடன்சீட்டாகவும் விழுகிறது. எந்தப் படிப்பு, யாரோடு கல்யாணம் என்று தவணை தவணையாகக் கட்டவேண்டிய கடன்.

லூக்கா 15இல் வரும் கெட்ட குமாரன் கதையில் கணக்கு வைப்பவர்கள் பிள்ளைகள்தான். இளையவன் தன் பங்கைக் கேட்டு வாங்குகிறான். திரும்பும்போது கூலிக்காரனாகச் சேரலாம் என்று கணக்குப் போட்டு வருகிறான். மூத்தவன் இத்தனை வருடம் உழைத்தும் ஓர் ஆட்டுக்குட்டி கிடைக்கவில்லையே என்கிறான். தகப்பனிடம் ஏடு இல்லை. பங்கைக் கொடுத்துப் போகவிடுகிறார். திரும்பி வருபவனைத் தூரத்தில் கண்டதும் ஓடுகிறார். தேவையற்ற அன்பு உணர்ச்சியற்றதாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு அந்த ஓட்டமே சாட்சி.

மனிதப் பெற்றோருக்கு அப்படிப் போகவிடுவது கடினம். பிள்ளையோடு நம்மில் ஒரு பகுதியும் போய்விடுகிறது. அதனால் இந்தப் போதனையைப் பெற்றோர் மீது சுமத்தும் அளவுகோலாக நான் வாசிப்பதில்லை. பூரண அன்பு வேறோரிடத்தில் இருக்கிறது என்றால், அப்பாவும் அம்மாவும் கடவுளாக இருந்து காட்ட வேண்டியதில்லை. பிள்ளையும் அவர்களிடம் கடவுளைத் தேடி ஏமாற வேண்டியதில்லை. நடந்த கொடுமையை இது நியாயப்படுத்தாது. ஏசாயாவும் மறந்த தாயை நியாயப்படுத்தவில்லை. ஆனால் களைத்து, பயந்து, கணக்குப் பார்த்துக்கொண்டே நேசித்தவர்களை அந்த அளவிலேயே ஏற்றுக்கொள்ள இது இடம் தருகிறது.

கதை முடியும்போது தகப்பன் விருந்தை விட்டு வெளியே வந்து, மூத்தவனை உள்ளே வரும்படி கெஞ்சிக்கொண்டிருக்கிறார். அவன் போனானா என்று லூக்கா சொல்லவில்லை.