கண்டகிக் கல்லும் காரைக் கல்லும்

குத்துக்கல்வலசையில் என் வீட்டில் இரண்டு சுருள்கற்கள் இருக்கின்றன. ஒன்று வீட்டுப் பூசையிடமான கோயிலாழ்வாரில் எழுந்தருளியிருக்கும் சாளக்கிராமம். தாத்தா காலத்திலிருந்து திருமஞ்சனமும் துளசியும் தளிகையும் கண்டுவரும் மூர்த்தி. மற்றொன்று முன்னறைக் கண்ணாடி அலமாரியில் பஞ்சின் மேல் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் காரையில் மழை அரித்த ஓடையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு சீட்டு: ஊர், படுகை, காலம். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் தெருப் பிள்ளைகள் அந்த அலமாரியைப் பார்க்க வருவார்கள். அவர்களில் ஒருவன் கேட்டான்: "சார், ரெண்டும் ஒரே பூச்சிதானே? ஒண்ணுக்கு மட்டும் ஏன் துளசி போடுதீங்க?"

அவன் கேட்டது அறிவியல் கேள்விபோல இருந்தாலும், பதில் சமயத்தில்தான் இருக்கிறது.

அவன் சொன்னதில் பெரும்பகுதி சரி. சக்கரம் பொறித்த சாளக்கிராமங்கள் அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடு பதிந்த படிவங்கள். கணவாய்க்கு உறவான அந்த உயிர், சுருண்ட ஓட்டின் கடைசி அறையில் வாழும். வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் சுவர் எழுப்பிப் பழைய அறையை அடைத்துவிடும். அடைத்த அறைகளில் காற்று நிறைவதால் ஓடு நீரில் மிதக்கும். இறந்தபின் அது கடலடிச் சேற்றில் புதையும், சேறு கல்லாகும். நேபாளத்தில் முக்திநாத்தையும் தாமோதர குண்டத்தையும் சூழ்ந்த மலைகளில் உள்ள, இந்தக் கற்களைத் தரும் கரிய களிப்பாறைகள், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியிலும் அதை ஒட்டியும் படிந்தவை. ஏறத்தாழ 15 கோடி ஆண்டு. இந்திய நிலம் ஆசியாவை முட்டியபோது தெதிஸ் கடலின் தரை இமயமாக உயர்ந்தது. அதை அறுத்துக்கொண்டு இறங்கும் காளி கண்டகி, கற்களை உருட்டிக் கொண்டுவருகிறது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் திவ்வியதேசம் அந்தப் பக்கம்தான்.

காரைக் கல் இளையது. கிரெட்டேசியஸ் காலம், சுமார் 10 கோடி ஆண்டு. திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கத்துப் புதைபடிவங்களை 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் வகைப்படுத்தி எழுதிவிட்டார். எங்கள் பக்கத்து மலையில் இப்படி ஒன்றும் கிடைக்காது. குற்றால அருவி விழும் பாறை 50 கோடி ஆண்டுக்கும் முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியது.

பையனின் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில்கள் உண்டு. முன்னோர்கள் இன்னதென்று தெரியாமல் கும்பிட்டார்கள் என்பது ஒன்று. பிரம்மவைவர்த்த புராணம் வேறு சொல்கிறது. துளசியின் சாபத்தால் திருமால் கண்டகிக் கரையில் கல்லானார்; வச்சிரம் போன்ற பல்லுடைய புழுக்கள் அந்தக் கல்லைக் குடைந்து சக்கரம் வரைந்தன. புராணத்தில் கல் முதலில், உயிர் பிறகு. நிலவியலில் உயிர் முதலில், கல் பிறகு. வரிசைதான் மாறுகிறது. சக்கரம் ஓர் எளிய உயிரின் வேலை என்பதை அவர்கள் கூச்சமில்லாமல் சொல்லிவைத்தார்கள்.

பெருமாளைப் பூச்சியின் ஓடு என்று சொல்வது அபசாரம் என்பது இன்னொரு பதில். அறிவுள்ளதும் அறிவற்றதுமான எல்லாமே அவன் திருமேனி என்று இராமாநுசர் நிலைநாட்டிய பிறகு, அம்மோனைட் மட்டும் எப்படி வெளியே நிற்கும்? உயிரின் ஓடு என்பதால் மூர்த்திக்குக் குறைவு இல்லை.

எல்லாம் திருமேனி என்றால் காரைக் கல்லுக்கும் துளசி சாத்தலாமே? இங்கே எனக்கு வழிகாட்டியவர் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர். அவர் எல்லாவற்றின் உள்ளும் உறையும் அந்தர்யாமியை நிலத்தடி நீருக்கும், அவதாரங்களை வெள்ளம் பெருகும் ஆற்றுக்கும், நாம் வழிபடும் திருவுருவான அர்ச்சையை அந்த ஆறு விட்டுச்சென்ற மடுவுக்கும் ஒப்பிட்டார். குற்றாலச் சீசன் முடிந்து சிற்றாற்றில் தண்ணீர் வற்றும்போது, ஆங்காங்கே தேங்கிய மடுக்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நிலத்தடியில் நீர் எங்கும் உண்டு, ஆனால் தோண்ட வேண்டும். மடுவில் குனிந்து அள்ளலாம். காரைக் கல்லிலும் அவன் இருக்கிறான். அதில் லென்ஸும் சீட்டும் வைத்து நான் தோண்டுகிறேன். சாளக்கிராமத்தில் தாகத்தோடு வருபவருக்கு அவனே எளியவனாய் நிற்கிறான். அங்கே என் வேலை குனிவது மட்டும்.

என்னை நெடுநாள் வருத்திய கேள்வி இன்னும் கடினமானது. அம்மோனைட் இனம் முழுவதும் 6.6 கோடி ஆண்டுக்கு முன், டைனோசர்களோடு அழிந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்படி முடிந்துபோன உயிரின் வடிவத்தைத் தெய்வம் ஏன் ஏற்க வேண்டும்? இப்போது எனக்குத் தோன்றும் பதில் இது. கோயிலில் நாம் காணும் திருமேனிகள் பெரும்பாலும் கண்ணும் கையும் கொண்டு, நம்மைப் போலவே இருக்கின்றன. சாளக்கிராமத்தில் முகம் இல்லை. மனிதக் கண் ஒன்றுகூடத் திறக்காத கோடிக்கணக்கான ஆண்டுகள் அது நிறைவாகவே இருந்தது. உலகம் நமக்காகத் தொடங்கவில்லை, நம்மோடு முடியப்போவதும் இல்லை என்று சொல்லும் மூர்த்தி அது. தன் இனமும் நிலையற்றது என்று உணராதவனின் சரணாகதியில் ஏதோ ஒன்று குறைகிறது.

அதற்கேற்ப அதன்மேல் உளி படுவதில்லை, பிரதிஷ்டையும் இல்லை. குற்றாலத்தில் அகத்தியர் கைபட்டுத் திருமால் இலிங்கமானார் என்பது தலபுராணம். சாளக்கிராமம் எந்தக் கைக்கும் காத்திருக்கவில்லை. இங்கிலாந்தின் விட்பி கடற்கரையிலும் ஜுராசிக் அம்மோனைட்கள் கிடைக்கின்றன. புனித ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்பது அங்குள்ள கதை. கதைக்குப் பொருந்த, கல்லில் பாம்புத் தலை செதுக்கி விற்றார்கள். அவர்கள் கதைக்காகக் கல்லைத் திருத்தினார்கள். நம்மவர்கள் கல்லை அப்படியே விட்டார்கள்.

அந்த நல்ல வழக்கத்தை இன்று நாமே கெடுக்கிறோம். சாளக்கிராமத்துக்கு விலை பேசக்கூடாது என்பது சாத்திரம். இப்போது சக்கரத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்லி விற்கிறார்கள், செதுக்கிய போலிகளும் வருகின்றன. அம்மோனைட்களும் அறுத்து மெருகேற்றிய வரவேற்பறை அலங்காரமாகிவிட்டன. எந்த ஊரின் எந்தப் படுகையில் கிடைத்தது என்ற குறிப்பு தொலைந்தால், அந்தக் கல் தன் கடலைப் பற்றிச் சொல்லக்கூடியதில் பெரும்பகுதி தொலைகிறது. ஆராதனம் விட்டுப்போன சாளக்கிராமமும் சீட்டு தொலைந்த புதைபடிவமும் எனக்கு ஒரே குற்றமாகத்தான் படுகின்றன. இரண்டிலும், வைத்திருப்பவன் தன்னை உடைமைக்காரன் என்று நினைத்துவிட்டான்.

எனக்குப் பிறகு சாளக்கிராமம், தினமும் ஆராதனம் செய்ய ஒப்புக்கொள்ளும் வீட்டுக்குப் போகும். உறவாக இருக்க வேண்டும் என்று இல்லை. அலமாரிக் கல் தன் சீட்டோடு ஏதாவதொரு அரசுப் பள்ளிக்குப் போகும். இரண்டையும் விலையில்லாமல் கொடுக்கச் சொல்லி எழுதிவைத்திருக்கிறேன். கல் சேர்க்கும் எவரையும் நான் கேட்பது இவ்வளவே: கையில் எடுக்கும் முன், அதை யாரிடம், எந்தக் குறிப்போடு ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு வரவில்லையென்றால், கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.